பரணில் கிடக்கும் பழைய மூங்கில் தூண்டில் கம்பு: இனம் காண்பதும் வயது பார்ப்பதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஓசூர், மத்திகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது துணிப்பைக்குள் இரண்டு மூன்று துண்டாக ஒரு தூண்டில் கம்பு கிடைப்பது உண்டு. பெங்களூர் கண்டோன்மென்ட்டிலிருந்து மூட்டையாகச் சாமான் எடுத்துவரும் காயலான் கடைகளிலும் பார்க்கலாம். பழைய கம்புகளைப் பழுது பார்ப்பவன் என்பதால் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலிருந்தும் என்னிடம் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

எங்கள் வீட்டுக் கம்பு திப்பு சுல்தான் காலத்தது என்கிறார்கள். இருக்குமா?

இருக்காது. மூங்கில் பிளாச்சுகளை ஒட்டிச் செய்யும் இந்த மாதிரிக் கம்பு பரவலானதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில்தான். அமெரிக்காவில் சாமுவேல் பிலிப்பி 1840களில் மூங்கிலைப் பிளந்து ஒட்டிக் கம்பு செய்தார். ஹிராம் லெனர்ட் 1870களில் ஆறு பிளாச்சுக் கம்பைத் தொழிலாகவே நடத்தினார். திப்பு இறந்தது 1799இல். திப்பு ஆண்ட ராயக்கோட்டைக்கும் உங்கள் கம்புக்கும் சம்பந்தமில்லை. இந்தப் பக்கம் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை 1920க்கும் 1960க்கும் இடைப்பட்டவை. அதுவே நல்ல வயதுதான்.

சாதாரண மூங்கில் கம்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கையில் எடுத்து மெல்ல உருட்டிப் பாருங்கள். நம் ஏரிக்கரையில் பையன்கள் வைத்திருக்கும் கம்பு ஒரே மூங்கில், உருண்டை. கணு சுற்றிலும் வளையமாகப் புடைத்திருக்கும். பிளவு மூங்கில் கம்பு அறுகோணமாக இருக்கும். ஆறு பட்டை, பட்டைக்குப் பட்டை இடையில் மயிரிழை போல ஒட்டுக்கோடு. ஒவ்வொரு பட்டையும் தனித்தனிப் பிளாச்சு. முக்கோணமாக இழைத்து, மூங்கிலின் கெட்டியான வெளித்தோல் வெளிப்பக்கம் வரும்படி ஒட்டியிருப்பார்கள்.

துண்டுகளை இணைக்கும் உலோகப் பூண் கழன்றுவிட்ட கம்பாக இருந்தால் அதன் வெட்டுமுகத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், இந்த வேலையிலேயே அழகான காட்சி அதுதான். ஆறு முக்கோணங்களும் நடுவில் ஒரே புள்ளியில் சேரும். ஒவ்வொன்றிலும் வெளி ஓரத்தில் கரும்பழுப்புப் புள்ளிகள் நெருக்கமாக இருக்கும், உள்ளே போகப் போக அவை விலகும். புள்ளிதான் நார். ஓரத்தில் நார் அடர்த்தியாக இருந்தால் நல்ல மூங்கில். நடுவில் ஒரு சிறிய உலோகப் புள்ளி தெரிந்தால் அது எஃகுக் கம்பி வைத்துச் செய்தது. இங்கிலாந்தின் ஹார்டி நிறுவனம் அப்படிச் செய்திருக்கிறது. ஆறுக்குப் பதில் உள்ளே ஓர் அடுக்கு, வெளியே ஓர் அடுக்கு என்று இரட்டைக் கட்டு தெரிந்தால் பெரிய மீனுக்கான கனமான கம்பு. நான்கு பட்டை, ஐந்து பட்டைக் கம்புகளும் உண்டு, ஆனால் குறைவு.

கணுக்கள் எங்கே வருகின்றன என்பதையும் பார்த்துவிடுங்கள். கவனமாகச் செய்தவர்கள் கணுக்களை இடம் மாற்றி மாற்றி அமைப்பார்கள், ஒரே இடத்தில் ஆறு கணுவும் சேர்ந்தால் அங்கே பலவீனம். மலிவுக் கம்பில் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

மூங்கிலே இல்லாத கம்பை மூங்கில் என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டா?

நிறைய. உருண்டையாக, கணுவே இல்லாமல், கருத்த மரமாகக் கனத்தால் அது கிரீன்ஹார்ட், தென் அமெரிக்க மரம். பிரிட்டிஷ் ஆட்கள் அதை ரொம்ப நாள் விடாமல் பயன்படுத்தினார்கள். மூங்கில் நிறத்தில் பெயிண்ட் அடித்த எஃகுக் குழாய்க் கம்பும் உண்டு, காந்தம் காட்டிக் கொடுத்துவிடும். இன்னொரு வகை கலப்புக் கம்பு: அடித்துண்டு முழு மூங்கில், நுனி மட்டும் பிளவு மூங்கில். அது போலி இல்லை, இங்கிலாந்தில் ஏரி, ஆற்று மீன் பிடிப்பதற்கு அப்படியும் செய்தார்கள்.

எந்த ஊர் மூங்கில் என்று கண்டுபிடிக்க முடியுமா? அதில் வயது தெரியுமா?

ஓரளவு. பழைய கம்புகளில் பயன்பட்டது கல்கத்தா மூங்கில். கல்கத்தா துறைமுகம் வழியாகக் கப்பலேறியதால் வந்த பெயர். பெரும்பாலும் நம் கல்மூங்கில் வகைதான், பென்னாகரம், அஞ்செட்டி காடுகளில் நிற்கிற அதே இனம். நம் நாட்டு மூங்கில் இங்கிலாந்துக்குப் போய், கம்பாகி, துரையின் பெட்டியில் திரும்பி வந்திருக்கிறது. இந்த மூங்கிலில் தீ பட்டது போலப் பழுப்புத் திட்டுகள் இருக்கும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டோன்கின் மூங்கில் அதன் இடத்தைப் பிடித்தது. இது தென்சீனாவின் குவாங்டாங் பகுதியில் விளைவது. நேராக வளரும், கணுக்களுக்கு இடையே நீளம் அதிகம், நார் அடர்த்தி அதிகம். தீத்திட்டு இல்லாமல் ஒரே வைக்கோல் நிறமாக இருந்தால் பெரும்பாலும் டோன்கின். ஆனால் திட்டு இருந்தால் உடனே கல்கத்தா என்று முடிவு கட்டாதீர்கள். பார்வைக்காக டோன்கினையும் தீயில் வாட்டினார்கள்.

அமெரிக்கக் கம்பானால் இன்னொரு விஷயமும் உண்டு. 1950 இறுதியில் சீனச் சரக்குக்கு அமெரிக்கா தடை போட்டது. 1970களின் தொடக்கம்வரை அங்கே புது டோன்கின் வரவில்லை. கையிருப்பை வைத்துச் சமாளித்தார்கள், பலர் கண்ணாடி நாருக்கு மாறினார்கள்.

வயது பார்க்க நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

நூல்கட்டு. பெயரை அப்புறம்தான்.

ஒரு காலத்தில் பிளாச்சுகளை ஒட்டியது தச்சர்கள் பயன்படுத்துகிற வஜ்ஜிரம்தான், மிருகத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய பசை. ஈரம் பட்டால் இளகும். தண்ணீருக்குப் போகிற சாமானுக்கு இளகும் பசை! அதனால் பசை விட்டாலும் கம்பு பிரியக் கூடாது என்று ஓர் அங்குலம், இரண்டு அங்குலத்துக்கு ஒரு சிறு பட்டுநூல் கட்டுப் போட்டார்கள். தூண்டில் நூல் ஓடும் வளையம் இருக்கும் இடத்தில் மட்டுமல்ல, கம்பு முழுக்க. 1940களில் செயற்கைப் பிசின் பசைகள் வந்தன, தண்ணீருக்கு அசையவில்லை. இடைக்கட்டுகள் தேவையில்லாமல் போயின. ஆகவே கம்பு நெடுக நெருக்கமான கட்டு இருந்தால் இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது என்று பார்க்க ஆரம்பிக்கலாம். வளையங்களில் மட்டும் கட்டு என்றால் பெரும்பாலும் பிந்தையது.

ஆரம்பிக்கலாம் என்றுதான் சொன்னேன். போருக்குப் பிறகும் சில மலிவுக் கம்புகளில் ஆடம்பரத்துக்காகவும் மட்டமான ஒட்டை மறைக்கவும் கட்டுப் போட்டார்கள். அதோடு நூலை யாராவது மாற்றியிருக்கலாம். பட்டு நூல் மங்கி, வார்னிஷில் ஊறி, கிட்டத்தட்ட ஒளி ஊடுருவுவது போல இருக்கும். நைலான் நூல் பளபளப்பு குறையாமல் தனியாகத் தெரியும், அது 1940களுக்கு முன் கிடையாது. போருக்கு முந்தைய கம்பில் நைலான் நூல் இருந்தால் பழுது பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கட்டுக்கு அடியில் பழைய நூலின் தடம் மூங்கிலில் வெளிறிய கோடாகத் தெரியும். டார்ச்சைப் படுக்கவைத்து அடித்துப் பாருங்கள்.

நான் எல்லாக் கம்புக்கும் வைக்கும் விதி ஒன்றுதான். கம்போடு பிறந்த உறுப்புகளில் எது புதியதோ, அதைவிடக் கம்பு பழையதாக இருக்க முடியாது. ஓர் அடையாளத்தை மட்டும் நம்பி வருடம் சொல்பவர் விற்க வந்தவராக இருப்பார். மூன்று நான்கு அடையாளங்கள் ஒரே காலத்தைக் காட்டினால் பத்துப் பதினைந்து வருட இடைவெளிக்குள் வரலாம். அதற்குமேல் துல்லியம் வேண்டுமானால் வரிசை எண் வேண்டும்.

பூணையும் வளையங்களையும் வைத்து என்ன சொல்லலாம்?

துண்டுகளை இணைக்கும் பூண் வெறும் பித்தளையா, ஜெர்மன் சில்வரா? இரண்டையுமே காந்தம் இழுக்காது. இழுத்தால் முலாம் பூசிய மலிவுச் சரக்கு. ஆண் பூணின் முனையில் ஒரு கூர்ப்பான முளை நீட்டிக்கொண்டு, பெண் பூணுக்குள் அதற்கேற்ற ஆழமான துளை இருந்தால் அது பழைய முறை, பத்தொன்பதாம் நூற்றாண்டு வாடை அடிக்கும். பூண் திருகிக் கழன்றுவிடாமல் கொக்கியோ திருகுப்பூட்டோ இருந்தால் பிரிட்டிஷ் கம்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வளையம் கம்பின் மேல் படுத்துக் கிடந்து, இழுத்தால் எழுந்து நின்றால் அது மிகப் பழைய வகை. பாம்பு வளைந்தது போன்ற கம்பி வளையம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வந்து இன்றுவரை இருக்கிறது, அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அடி வளையத்திலும் நுனி வளையத்திலும் அகேட் கல் பதித்திருந்தால் நல்ல கம்பு, பெரும்பாலும் போருக்கு முந்தையது. கல்லில் கீறல் இருக்கிறதா என்று பஞ்சை இழுத்துப் பாருங்கள், கீறல் இருந்தால் பஞ்சு மாட்டும். சாம்பல் நிறப் பீங்கான் பதித்த மெல்லிய வளையம் இருந்தால் 1970களுக்குப் பிறகு யாரோ மாற்றியது, அல்லது கம்பே புதியது. இன்றும் கையால் பிளவு மூங்கில் கம்பு செய்பவர்கள் உலகில் இருக்கிறார்கள்.

கைப்பிடித் தக்கை, ரீல் மாட்டும் வளையம் இவற்றை நான் அதிகம் நம்புவதில்லை. அவைதான் முதலில் தேயும், முதலில் மாறும். அடியில் குத்தி நிறுத்தும் எஃகு ஈட்டி இருந்தால் பிரிட்டிஷ் பழக்கம், அவ்வளவுதான்.

கம்பில் எண் போட்டிருக்கிறது. அது வரிசை எண்ணா?

கைப்பிடிக்கு மேல் '6' அல்லது '7' என்று ஒரே ஓர் இலக்கம் இருந்தால் அது எந்தக் கனத்துத் தூண்டில் நூலுக்கு ஏற்றது என்ற குறி. அந்த எண்முறை 1960களில் பழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன் ஆங்கில எழுத்துகளால் குறித்தார்கள், அல்லது குறிக்கவே மாட்டார்கள். வரிசை எண் நீளமாக, சில நேரம் ஓர் எழுத்தோடு, பூணிலோ அடித்துண்டிலோ இருக்கும்.

பெயர் இருக்கிறது. அதை வைத்து எப்படித் தேடுவது?

அதிகம் கண்ணில் படும் பெயர்கள் சில. ஹார்டி பிரதர்ஸ், இங்கிலாந்தின் ஆல்னிக் நகரம், 1872இல் தொடங்கியது. அவர்களுடைய பிளவு மூங்கிலுக்கு 'பாலகோனா' என்று வணிகப் பெயர். அந்த ஒரு சொல் மங்கலாகத் தெரிந்தாலும் கம்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். ரெடிச் என்றால் ஊசிக்கும் தூண்டில் முள்ளுக்கும் பேர்போன ஊர், ஆல்காக், மில்வர்ட் இரண்டும் அங்கேதான். லண்டனில் ஃபார்லோ, 1840 முதல். ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஷார்ப்ஸ், மூங்கிலுக்குள் பிசினை ஊறவைத்துச் செய்தவர்கள். அமெரிக்காவின் ஆர்விஸும் 1940களில் அப்படிச் செய்தது. அப்படி ஊறிய மூங்கில் கரும்பழுப்பாக இருக்கும், மேலே தடித்த வார்னிஷ் படலம் இருக்காது. ஆர்மி அண்ட் நேவி ஸ்டோர்ஸ் பெயர் இருந்தால் அது கடைப் பெயர். வேறு யாரோ செய்ததைத் தன் பெயரில் விற்றது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் கிளை வைத்திருந்ததால் இந்தியாவுக்கு நிறைய வந்தது.

பெயரைத் தவிர வேறு எழுத்துகள் இருந்தால்?

இங்கேதான் சுவாரசியம். கம்பு பேசாததைச் சீட்டு பேசும்.

அரச முத்திரை இருந்தால் எந்த மன்னர் என்று படியுங்கள். ஐந்தாம் ஜார்ஜ் 1910 முதல் 1936 ஜனவரி வரை, ஆறாம் ஜார்ஜ் 1936 டிசம்பர் முதல் 1952 வரை. 'காலஞ்சென்ற ஐந்தாம் ஜார்ஜ்' என்று ஆங்கிலத்தில் இருந்தால் 1936க்குப் பிறகு. லண்டன் முகவரியில் எஸ்.டபிள்யூ. (தென்மேற்கு அஞ்சல் வட்டம்) என்று மட்டும் இருந்தால் 1917க்கு முன், பக்கத்தில் 1 என்று எண்ணும் சேர்ந்தால் 1917 அல்லது அதற்குப் பிறகு. பிரிட்டிஷ் காப்புரிமை எண் 1916க்கு முன் வருடா வருடம் ஒன்றிலிருந்து தொடங்கியது, பக்கத்தில் ஆண்டு இருக்கும். 1916இல் 1,00,001இலிருந்து தொடர் எண்ணாக மாறியது.

உறையில் ஒட்டிய நம் ஊர்க் கடைச் சீட்டு இருந்தால் இன்னும் சுலபம். விலை ரூபாய், அணாவில் என்றால் 1957 ஏப்ரலுக்கு முந்தைய சீட்டு. பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு. 'மெட்ராஸ் ஸ்டேட்' என்றால் 1969க்கு முன். ஓசூர் முகவரியில் 'சேலம் ஜில்லா' என்றால் 1965க்கு முன், 'தருமபுரி மாவட்டம்' என்றால் 1965க்கும் 2004க்கும் இடையில். கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்தது 2004இல்.

தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து வந்த ஒரு கம்பில் பெயரே இல்லை. பத்தடி, மூன்று துண்டு. நெருக்கமான சிவப்புப் பட்டுக்கட்டு, அடி வளையத்தில் அகேட். ஆனால் நுனித்துண்டில் மட்டும் பச்சை நைலான். துணிப்பையின் உள்மடிப்பில் ஒரு பழுதுபார்ப்புச் சீட்டு, கூலி ரூபாய், அணாவில். ஆக, நைலான் வந்த பிறகு, அணா போகும் முன், அதாவது 1940களின் கடைசியிலிருந்து 1957க்குள் நுனியைப் பழுது பார்த்திருக்கிறார்கள். கம்பு அதற்கு முன்னால் செய்தது. போருக்கு முந்தையது என்று எழுதிக் கொடுத்தேன். செய்தவர் பெயர் தெரியாமலே இவ்வளவு தூரம் வரலாம்.

சீட்டின் வயதும் கம்பின் வயதும் ஒன்றல்ல என்பதை மட்டும் மறக்காதீர்கள். பை மாறும்.

மரப்பெட்டியில் பளபளவென்று கம்பு, மிதவை, முள் எல்லாம் சேர்த்து இருக்கிறது. விலை உயர்ந்ததா?

பெரும்பாலும் ஜப்பான் ஏற்றுமதிச் சரக்கு. போருக்குப் பின் ராணுவ வீரர்களும் பயணிகளும் பரிசுப் பொருளாக வாங்கிப் போனது. 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் தயாரித்தது' என்று ஆங்கிலத்தில் முத்திரை இருந்தால் 1952க்குள். அந்த ஆண்டு ஏப்ரலில் ஆக்கிரமிப்பு முடிந்தது. பெட்டி அழகு, கம்பு சுமார். காட்சிக்கு வையுங்கள்.

காவிரியில் மஷீர் பிடித்த கம்பா என்று எப்படித் தெரியும்?

உறுதியாகச் சொல்ல முடியாது, ஊகிக்கலாம். மஷீர் பெரிய மீன். 1946இல் கபினியில் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் பிடித்தது 120 பவுண்டு. அதற்கு வந்த கம்பு தடித்திருக்கும், இரண்டு கையால் பிடிக்கும் நீளக் கைப்பிடி, பெரிய வளையங்கள். ரீல் மாட்டுமிடம் கைக்குக் கீழே கம்பின் அடிமுனையில் இருந்தால் அது பெரும்பாலும் செயற்கைப் பூச்சி வீசும் கம்பு. ரீலுக்குக் கீழேயும் கைப்பிடி நீண்டால் பெரும்பாலும் கரண்டி போன்ற உலோகப் போலி இரையோ நிஜ இரையோ வீசுவது. விரல் கனத்தில் எட்டடிக் கம்பை வைத்துக்கொண்டு தாத்தா ஒகேனக்கல்லில் நூறு பவுண்டு மீன் எடுத்தார் என்றால் தாத்தா மேல் உள்ள மரியாதையில் கேட்டுக்கொள்வேன்.

ஒரு துண்டு மட்டும் குட்டையாக இருக்கிறதே?

நுனித்துண்டு என்றால் அது உடைந்து, நுனி வளையத்தைத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். நல்ல கம்புகளில் துண்டுகள் ஒரே நீளம். இரண்டு நுனித்துண்டு கொடுப்பதும் வழக்கம். அதில் ஒன்று குட்டை, ஒன்று முழு நீளம் என்றால் கவலை வேண்டாம். அடித்துண்டு குட்டை என்றால்தான் யோசிக்க வேண்டும். ஒரு வீட்டில் அடித்துண்டைத் தனியாக எடுத்துப் புளி உலுக்கப் பயன்படுத்தியிருந்தார்கள், உலுக்க வசதியாக அறுத்தும் விட்டார்கள்.

வார்னிஷைச் சுரண்டிப் புதிதாக அடிக்கலாமா?

கூடாது. உப்புக்காகிதமும் தின்னரும் வேண்டவே வேண்டாம். செய்தவரின் பெயரும் எண்ணும் பல கம்புகளில் இந்திய மையால் எழுதி, மேலே வார்னிஷ் பூசியது. வார்னிஷோடு அதுவும் போய்விடும். பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். போதும்.

பூண் இறுகிக் கழலவில்லை.

குறடு போடாதீர்கள். முறுக்காதீர்கள், மூங்கில் முறுக்குக்குத் தாங்காது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஒவ்வொருவரும் ஒரு கையைப் பூணின் இந்தப் பக்கமும் மறு கையை அந்தப் பக்கமும் வைத்துப் பிடித்து, நேராக இழுங்கள். வராவிட்டால் ஆண் பூண் பக்கம் ஐஸ் துண்டு வைத்துச் சுருங்கவிட்டு மறுபடி இழுங்கள்.

என்ன விலை போகும்? வெளிநாட்டில் விற்கலாமா?

ஹார்டி, லெனர்ட் போன்ற பெயர், முழு நீளத் துண்டுகள், சொந்தப் பை, படிக்கக்கூடிய எழுத்து, எல்லாம் சேர்ந்தால் நல்ல விலை. பெயரில்லாத மலிவுக் கம்புக்குப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், எவ்வளவு வயதானாலும். வயதுக்கு விலை இல்லை, வேலைப்பாட்டுக்கும் நிலைக்கும்தான் விலை.

வயது பார்ப்பதற்கு வெளிநாட்டு விற்பனையில் இன்னொரு அவசியம் இருக்கிறது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு தாண்டிய கைவினைப் பொருள்கள் தொல்பொருளாகக் கருதப்படலாம். தொல்பொருளை மத்திய அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போ தவிர வேறு யாரும் நாட்டை விட்டு அனுப்ப முடியாது. நூறு ஆண்டு தாண்டியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

இதை எடுத்துக்கொண்டு ஒகேனக்கல் பக்கம் ஒருநாள் மீன் பிடிக்கலாமா?

காவிரிக்கரையின் பெரும்பகுதி இப்போது காவிரி வடக்கு, காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயங்களுக்குள் இருக்கிறது. அங்கே வேண்டாம். காவிரியின் திமில் மஷீரை உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2018இல் மிக அருகிவரும் இனமாக அறிவித்துவிட்டது. அணைகளில் என்றால் மீன்வளத் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மீனை விடுங்கள், கம்பே தாங்குமா? தக்கையருகே பிடித்து மெல்ல ஆட்டுங்கள். 'டிக்' என்று சத்தம் வந்தால் பூண் தளர்ந்திருக்கிறது, அல்லது ஒட்டு விட்டிருக்கிறது. கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் நுனி ஒருபக்கம் வளைந்து நிற்கிறதா? சிறு வளைவு பரவாயில்லை. ஒட்டுக்கோட்டில் நகம் நுழைந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எப்படி வைத்துக் காப்பது?

பரணில் வேண்டாம். தகரக் கூரைக்குக் கீழே தருமபுரி வெயிலில் மூங்கில் சுருங்கிப் பூண் கழலும். சுவரில் சாய்த்தும் வைக்காதீர்கள், வளைந்துவிடும். துண்டுகளைப் பிரித்து, காய்ந்த துணிப்பையில் போட்டு, பையின் நாடாவால் ஆணியில் தொங்கவிடுங்கள். மூங்கிலில் ஊசித்துளையும் அடியில் மாவு போன்ற தூளும் தெரிந்தால் உளு பிடித்திருக்கிறது. அந்தக் கம்பை மற்றவற்றிலிருந்து உடனே தனியாக எடுத்து வையுங்கள், வீட்டில் மூங்கில் கூடை, முறம் இருந்தால் அவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.